கடைத்தெரு வழியாக

நைனாவுக்கு ஊர் என்றால் கடைத்தெருதான். அங்கே நெல் மண்டியில் இடுப்பு விட்டுப்போகும்வரை மூட்டை தூக்கினார். உத்திரமேரூர் பஸ் அந்தத் தெருவில் வந்து நின்றால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. ஆனால் எங்கள் காலனிப் பிணம் மட்டும் அந்த வழியாகப் போகக் கூடாது. அவருடைய அப்பாவின் பாடையையே தெருமுனையில் மறித்து வயல் சேற்றில் இறக்கிவிட்டார்கள். "என்னையாவது நடு ஊரு வழியா எடுத்துக்கினு போ" என்று அம்மாவிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஒரகடத்தில் எனக்குக் கம்பெனி வேலை கிடைத்ததும் இருவரையும் என்னோடு அழைத்துப் போய்விட்டேன். வருஷக்கணக்கில் ஊர்ப்பக்கமே வரவில்லை. போன வாரம் நைனா செத்துப்போனார். ஊருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

சண்டைக்குத் தயாராகத்தான் தாண்டவராயன் வீட்டுக்குப் போனேன். நிலம் நீச்சு உள்ளவர். அன்றைக்கு மறித்தவர்களில் அவரும் ஒருவர்.

"தாராளமா எடுத்துக்கினு போம்மா மலரு. இந்தக் காலத்துல யாரு தடுக்கப் போறாங்க?" என்றார்.

தாராளமாம், தாராளம்! என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அம்மாவோ கேட்டதும் கைகூப்பிவிட்டாள்.

மேளம் முன்னே போக, பாடை கடைத்தெருவில் நுழைந்தது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். அம்மா நிற்கவில்லை, நானும் கூடவே போனேன். பெரிய வீட்டுப் பிணம் போனால் கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். தன் புருஷனுக்கும் அப்படி நிற்பதைப் பார்க்கத்தான் வந்தாள்.

எல்லா ஷட்டரும் முழுசாக இறங்கித் துருப்பிடித்துக் கிடந்தன. மண்டி வாசலில் ஆடு படுத்திருந்தது. ஒரு ஆளைக் காணோம்.

"ஊரு எங்கடி?" என்றாள் அம்மா.

பாடை தூக்கியிருந்த சித்தப்பா மகன் சுகுமார்தான் பதில் சொன்னான். "பைபாஸ் வந்ததுலேர்ந்து பஸ்ஸு உள்ள வர்றதில்ல பெரிம்மா. கடைங்கல்லாம் கூட்ரோட்டுக்குப் பூட்ச்சி. இப்ப அங்கதான் ஊரே கீது."

"அப்ப அங்க தூக்குங்க."

தூக்கினோம். கூட்ரோட்டில் டீக்கடை, பேக்கரி, செல்போன் கடை, பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம். நைனா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நாங்கள் திரும்புகிற இடத்தில் பைக்குகளைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். நடுவில் தாண்டவராயன்.

"இங்க இன்னாத்துக்கு வந்தீங்க? ஜனம் பொழங்குற எடம். அதான் கடைத்தெருவ உங்களுக்கு வுட்டுட்டமே!"

நான் கத்தினேன். என்ன கத்தினேனோ தெரியாது. என் நைனா வெயிலில் காத்துக்கிடந்தார்.

அம்மா கத்தவில்லை. அந்தக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நாங்க வந்து சேர்றதுக்குள்ள ஊரையே தூக்கிக்கினு பூட்டீங்களேய்யா" என்றாள்.

பின்னால் செங்கல்பட்டு பஸ் ஹார்ன் அடித்தது. நாங்கள்தான் பாடையோடு ஒதுங்கி வழிவிட்டோம்.