சுவரேறிய சொற்கள்

அவள் தொகுத்த சொற்பட்டியல் கைமாறிப்போன சில நாளில், ஒரு காலை ஆறரை மணிக்கு, மெய்ப்புத் திருத்துபவளின் வீட்டுச் சுவர்களில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆங்கிலச் சொற்கள் ஏறியிருந்தன. மழைக்கு ஒதுங்க வந்தவர்களைப் போல அவை இடம் பார்த்து ஒண்டிக்கொண்டிருந்தன. தண்ணீரைச் சேர்ந்தவை குளியலறையிலும், பசியைச் சேர்ந்தவை அடுப்புக்கு மேலேயும், கோபத்தைச் சேர்ந்தவை வாசல் கதவுக்குப் பின்னாலும் நின்றன. அவள் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு சொல்லை விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டதால் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில். ஏழு வருடத்துக்கு முன், அங்கே விலைக்கு வாங்கியிருந்த, மாற்று ஆங்கிலச் சொல் தரும் மென்பொருள் காலாவதியாகி, ஒரே பக்கத்தில் 'இம்பார்ட்டன்ட்' பதினான்கு தடவை வர ஆரம்பித்தது. "அதே அர்த்தத்துல வேற வார்த்தையெல்லாம் நெட்ல சும்மா கிடைக்கும்மா, தேடிப் பாரு" என்றார் முதலாளி. தேடினாள். முதலில் கிடைத்தது நூறு வருடப் பழசு. உரிமைக் காலம் முடிந்து யாரும் எடுக்கலாம் என்று கிடந்தது. அதில் குதிரை வண்டிக்குப் பதினோரு சொல் இருந்தது, கணினிக்கு ஒன்றும் இல்லை. இன்னொன்று இலவசம் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு, உள்ளே போனதும் கையை நீட்டியது. மற்றொன்றைப் படிக்கலாம், பிறருக்குக் கொடுக்கக் கூடாது. கடைசியாக ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டியல் அகப்பட்டது. எடுத்துக்கொள், மாற்று, யாருக்கு வேண்டுமானாலும் கொடு, எங்கள் பெயரை மட்டும் சொல் என்றிருந்தது. அந்த நான்கு வரியை அவள் மூன்று முறை படித்தாள். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று அந்தப் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

பழையதையும் இதையும் சேர்த்துக் கலந்து, களைந்து, தன் பட்டியலைத் தொடங்கினாள். தம்பி கணினி படித்தவன். அப்பா அம்மா போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. அவன்தான் இணையதளம் கட்டிக் கொடுத்தான். தளம் யார் பெயரில் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. சொந்தத் தம்பியிடம் போய் யாராவது அதைக் கேட்பார்களா? முகம் தெரியாத முப்பத்தொரு பேர் உதவிக்கு வந்தார்கள். ஓய்வு பெற்ற கப்பல் அதிகாரி ஒருவர் கடலைப் பற்றிய சொற்களைச் சரிபார்த்தார். ஒரு நர்ஸ், நோயாளிகள் வலியைச் சொல்லும் விதங்களை நாற்பது சொற்களாக எழுதி அனுப்பினாள். ஒவ்வொருவருக்கும் இவள் தன் கைப்பட ஒரே உறுதியைத்தான் எழுதினாள்: 'இது என்றைக்கும் எல்லாருக்கும் திறந்திருக்கும்.'

பட்டியல் கைமாறிய விஷயம் தெரிந்தது அந்த நர்ஸ் மூலமாகத்தான். 'நான் கொடுத்த வார்த்தையைப் பார்க்க என்னிடமே காசு கேட்கிறது. நீங்களுமா?' என்று எழுதியிருந்தாள். அந்தக் கடைசிச் சொல்லைப் படித்ததும் இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பிக்கு போன் செய்தாள். தன் பெயரில் இருந்த தளத்தை ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது என்றும், தனக்கு அங்கே பெரிய வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் அவன் பரபரப்பாகச் சொன்னான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"நீ சும்மாதானேக்கா வெச்சிருந்தே?"

"சும்மா வெச்சிருக்கல. எல்லாருக்கும் வெச்சிருந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றான். ஏழு வருடம் நெருங்கிய சொற்களுக்கு நடுவில் மயிரிழை வித்தியாசம் பார்த்தவள் போனை வைத்தாள். முப்பத்தொரு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். ஆறு பேர் பதில் போட்டார்கள். அதில் நான்கு பேர் அவளைத் திருடி என்றார்கள். கடைசிப் பதில் வந்த அன்று அவள் விளக்கைப் போடாமலே படுத்துவிட்டாள். காலையில் சொற்கள் சுவரில் இருந்தன.

அதே காலையில் கம்பெனியின் பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் தன்னந்தனியாக நின்றது. பெரிய என்ற பொருளில் 'பிக்' என்று தேடினால் 'பிக்' மட்டுமே வந்தது. சொற்களின் உறவெல்லாம் அவள் வீட்டுக்குக் குடிபோய்விட்டது என்று தெரிய அவர்களுக்கு இரண்டு மாதம் ஆனது. கம்பெனி அனுப்பிய வக்கீல் வந்தார். பெயின்டர் வந்து மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தார். மூன்று தடவையும் காய்வதற்குள் சொற்கள் மேலே வந்துவிட்டன. "நல்ல கெட்டி மசிம்மா" என்று கூலி வாங்காமல் போனார். வழக்கு இரண்டு வருடம் நடந்தது. சுவர் வீட்டுக்குச் சொந்தக்காரியான அவளுடையது, சுவரில் தானாக முளைத்ததும் அப்படியே என்று தீர்ப்பானது.

தம்பி தூங்கிய சின்ன அறைக்குள், சொற்கள் ஏறியதிலிருந்து அவள் போகவில்லை. தீர்ப்பு வந்த அன்று போனாள். அவன் கட்டில் போட்டிருந்த பக்கத்துச் சுவரில், தலையணை உயரத்தில், துரோகத்துக்கான சொற்கள் இருபத்தாறு, ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. எல்லாம் அவளே ஒரு காலத்தில் சரிபார்த்தவைதான். அப்போது கண் எழுத்துப்பிழையைத்தான் பார்த்தது. இப்போது ஒவ்வொன்றாக அர்த்தத்தோடு படித்தாள். முடித்ததும் தரையில் உட்கார்ந்து, அம்மா செத்த அன்றுகூட அழாத அழுகை அழுதாள்.

மறுநாள் வாசல் கதவைத் திறந்து வைத்தாள். நோட்டும் பேனாவுமாக ஜனங்கள் வந்தார்கள். மாணவர்கள், கடிதம் எழுதத் தெரியாதவர்கள், காதலிப்பவர்கள். கப்பல் அதிகாரி குளியலறையில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். திருடி என்று எழுதிய நால்வரில் மூவர் வந்தார்கள். அந்த நர்ஸ் வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்காம் வருடம் தம்பி வந்தான். வேலை போயிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. வாசலில் நின்றிருந்த பன்னிரண்டு பேரைத் தாண்டி நேரே உள்ளே வந்தான்.

"அக்கா, நானும் ஒரு காப்பி எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ. யாரையும் வேண்டாம்னு சொல்றதில்ல. வரிசையில வா."

"நான் உன் தம்பிக்கா."

"இங்க வர்றவங்களை யார் என்னன்னு கேக்கறதில்லப்பா" என்றாள் அவள், முதல் தடவையாக 'டா' போடாமல், அன்னியரிடம் பேசுவதுபோல 'ப்பா' போட்டு. "எல்லாருக்கும் ஒரே விதிதான்."

 அவன் வெளியே போய், பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டான். அவன் முறை வந்தபோது சின்ன அறை மட்டும்தான் காலியாக இருந்தது. ஒன்பது நாள் அங்கே உட்கார்ந்து எழுதினான். மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோல அவனுக்கும் அவள் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். அந்தச் சுவர் ஈரக்கசிவில் உப்பி எழுத்து மங்கியிருந்ததால், அவன் எழுதும்போது துரோகத்துக்கான சொற்களில் சில தாமாகவே வெளிச்சமான பக்கம் நகர்ந்து கொடுத்தன.