பதினொருவர் தேர்ச்சி

இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராகப் பணியாற்றியவர், ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு பேரைச் சோதித்துப் பதினொரு பேருக்கும் தேர்ச்சி வழங்கினார். அதுவரை அவரிடம் ஒரே நாளில் மூவருக்கு மேல் தேறியதில்லை. கையூட்டு வாங்கியிருப்பார் என ஐயுற்ற மேலதிகாரி விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரணையில் அவர் விசாரிக்க வந்தவரின் சட்டையைப் பாராட்டினார், இரண்டு முறை. செய்தி கேட்ட மனைவி அவரை நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். மூளையின் முன்பகுதியில் புற்று. கத்தி எட்டாத இடம். மேலதிகாரி வருத்தம் தெரிவித்து எழுதிய கடிதத்தில், அவருடைய நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டதென்றும் உறுதிசெய்திருந்தார்.

பதினொருவரில் ஒருத்தி அவருடைய மகள், இன்னொருவர் மைத்துனர், மனைவியின் தம்பி. வேற்றூரில் தேறி வந்தால் சிபாரிசு என்பார்கள் என்று மகளைத் தம்மிடமே வரச்செய்து, மூன்று முறை தவறவிட்டிருந்தார். மைத்துனர் ஏழு முறை தவறியவர்.

நோய் வந்தபின் வீட்டில் அமைதி நிலவியது. உப்பில்லாத சாப்பாட்டை அவர் ருசித்து உண்டார். "சாப்டியாம்மா?" என்று மகளைக் கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகளில் அவள் கேட்டறியாத கேள்வி அது. "நீ வண்டி ஓட்டினா தண்ணி மேல போற மாதிரி இருக்கு," என்றும் சொன்னார். அதைக் கேட்பதற்காகவே அவள் அவரைத் தெருத்தெருவாக அழைத்துப் போனாள்.

ஆறாவது வாரம் மருத்துவர் மனைவி, மகள், மைத்துனர் மூவரையும் அழைத்தார். "வீக்கத்தைக் குறைக்க மாத்திரை இருக்கு. ஆயுள் கூடாது. ஆனா கொஞ்ச வாரம் பழைய ஆளா இருக்க வாய்ப்பிருக்கு. சர்க்கரை ஏறும். இப்ப வலி இல்லாததால கட்டாயம் இல்ல. பேசி முடிவு பண்ணுங்க."

இத்தகைய செய்திக்குக் குடும்பங்கள் கைகூப்புவது வழக்கம். இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பழைய ஆளுன்னா," என்றார் மைத்துனர், "முழுசாவா டாக்டர்?"

வெளியே வராந்தாவில் மகள்தான் முதலில் பேசினாள். "வேணாம்மா. இப்பதான் எனக்கு ஒரு அப்பா கிடைச்சிருக்கார்."

"உனக்குக் கிடைச்சுட்டார். என் வீட்டுக்காரர் எங்கடி? இருபத்தெட்டு வருஷமா அந்த மனுஷனைக் கேக்கறதுக்குன்னு வண்டி வண்டியா வச்சிருக்கேன். இவர்கிட்ட கேட்டா, நீ சொன்னா சரியா இருக்கும்ங்கறார்."

"சும்மா கிடக்கற சங்கை ஏன்க்கா ஊதற?" என்றார் தம்பி.

"உன் லைசென்ஸ் போயிடும்னு பயம். வாயை மூடு."

அவரையே கேட்டுவிடலாம் என்றாள் மகள். கேட்டார்கள். அவர் புன்னகைத்து, "உங்க இஷ்டம்மா," என்றார்.

"இது அவர் சொல்ற பதிலா?" என்றாள் தாய். மகளே போய் மாத்திரையை எழுதி வாங்கி வந்தாள்.

மாத்திரை தொடங்கிய நான்காம் நாள் காலை அவர் சுவரைப் பார்த்தார். "கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னால ஓடுது. இந்த வீட்ல யாருக்கும் கண்ணே இல்லையா?"

மனைவியின் முகம் மலர்ந்தது. "ஆறு வாரமா அதுக்கு நேரா உக்காந்திருந்தது யாராம்?" என்று தொடங்கினாள். கடிகாரத்தில் பிடித்த சண்டை, நண்பகலுக்குள் கல்யாண நாள்வரை பின்னோக்கிச் சென்றது. அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் மருத்துவ அறிக்கைகள் அனைத்தையும் வரிவரியாகப் படித்து, தமக்கு இன்னும் எவ்வளவு காலம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தமது மதிப்பீடு நோயால் பழுதுபட்டிருந்த செவ்வாய்க்கிழமையில் தேறிய பதினொருவரையும் மறுதேர்வுக்கு அழைக்க வேண்டும். ஸ்கேன் நகல் இணைக்கப்பட்டுள்ளது. மகளின் பெயர் முதலில் இருந்தது.

"அப்ப, நல்லா ஓட்டறேன்னு நீங்க சொன்னதெல்லாம் பொய்யாப்பா?"

அவர் சிறிது யோசித்தார். "பொய்யில்ல. ஆனா அப்ப நான் நீ ஓட்டறதைப் பார்க்கல. சிரிச்சிட்டு உக்காந்திருந்தேன். இப்பப் பார்க்கறேன். சாவியை எடு."

மருத்துவ விடுப்பிலிருப்பவருக்குத் தேர்வு நடத்தும் அதிகாரம் இல்லை. வீட்டில் எவரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. தேர்வு அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் அமர்ந்தார். மனைவி பின்னால் ஏறிக்கொண்டாள்.

மகள் சீராகவே ஓட்டினாள். பள்ளி வாசலில் வேகம் குறைத்தாள். இரண்டு கம்பங்களுக்கிடையே பின்னோக்கி எடுத்தாள்; எதிலும் உரசவில்லை. மேட்டில் ஏறுகையில் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். குறுக்கே வந்த சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"தேறல."

"நிறுத்திட்டேனேப்பா."

"லேட்டா நிறுத்தின. நீ ரோட்டைப் பார்க்கல. என்னைப் பார்த்துட்டிருந்த."

"போற நேரத்துல ஒரு பாஸ் போட்டா உங்க கை தேஞ்சிடுமா?" என்றாள் மனைவி.

"பின்சீட்ல இருக்கறவங்க பேசக் கூடாது."

முந்தைய மூன்று முறையும் மகள் அவருடைய முடிவை ஒப்புக்கொண்டதில்லை. அழுதிருக்கிறாள், கதவை அறைந்திருக்கிறாள். இம்முறை எவ்வளவு தேடியும் அதில் குறைகாண முடியவில்லை.

"அடுத்தது எப்பப்பா?"

தவறியவர் முப்பது நாள் கழித்தே மீண்டும் வரலாம் என்பது விதி. அவர் விரல்விட்டு எண்ணி, அட்டையில் தேதி எழுதிக் கையொப்பமிட்டார். மருத்துவர்கள்கூட அவருக்கு இவ்வளவு திட்டவட்டமாக ஒரு தேதி சொன்னதில்லை.

"காலை ஒன்பதரை," என்றார். "லேட்டா வந்தா நான் காத்திருக்க மாட்டேன்."