அழிந்துவிட்டது என்று எழுதிய கட்டுரை

நல்லூரில் நடந்த இதழியல் வகுப்பில், ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது ஜெயரூபன் சேரின் ஒழுங்கு. நல்ல விடயம் மூன்று, திருத்த வேண்டியது ஒன்று. படிவம் அரைப் பக்கம்தான். உதயகலாவுக்குக் கிடைத்தது தேனுஜனின் கட்டுரை. கிழக்குக் கரையோர வேடர்களின் மொழியைப் பற்றியது. வகுப்பின் ஆண்டு மலருக்காக எழுதியிருந்தான்.

முதல் பக்கத்திலேயே அவள் நின்றுவிட்டாள். ‘இந்த மொழி முற்றாக அழிந்துவிட்டது. இன்று அவர்களிடம் எதுவும் எஞ்சவில்லை.’

உதயகலாவின் அம்மா இரத்தினம்மா அந்தக் கிழக்குக் கரையில், வாகரைப் பக்கத்தில் வேடர் குடும்பமொன்றில் பிறந்தவர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வந்து, நல்லூருக்குக் கிட்ட உள்ள கொழும்புத்துறையில் மீனவர் ஒருவரைக் கட்டி அங்கேயே இருந்துவிட்டார். வீட்டில் தமிழ்தான். ஆனால் முன்னோர் தெய்வங்களுக்குச் சடங்கு செய்ய ஊருக்குப் போகும்போது அம்மா பாடும் பாட்டில் வேறு சொற்கள் வரும். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கேலிப்பட்ட பிறகு உதயகலா இதை எவரிடமும் சொன்னதில்லை.

படிவம் போதவில்லை. மூன்று தாள் எழுதிக்கொண்டு போனாள்.

“பிள்ளை, இது கருத்தில்லை, சண்டை,” என்றார் ஜெயரூபன். “முதல்லை நல்லதா மூண்டு சொல்லும்.”

“எழுத்துப்பிழை இல்லை சேர். அது ஒண்டுதான்.”

சிலர் சிரித்தார்கள். தேனுஜனின் முகம் இறுகிப்போனது. “பதினொரு இடத்திலை தேடி எடுத்தனான். எல்லாத்திலையும் அழிஞ்சு போச்செண்டுதான் கிடக்கு.”

“அந்த ஆக்களிலை ஆரைக் கேட்டனீர்?”

“அவையளை நான் எங்கை போய்த் தேடுறது?”

“கொழும்புத்துறைக்கு வாரும். என்ரை அம்மாவைக் கேளும். அந்த மொழிச் சொல்லுகள் வாற சடங்குப் பாட்டு அவவுக்குத் தெரியும்.”

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேனுஜன் சைக்கிளில் வந்தான். பாட்டில் நாலு வரியாவது பதிந்துகொண்டு வரும்படி சேர் சொல்லியிருந்தார். முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த இரத்தினம்மா அவன் நீட்டிய போனைப் பார்த்தார்.

“அதை உள்ள வை, மனே. முன்னமும் ரெண்டு பேர் வந்து பதிஞ்சிட்டுப் போனாங்க. திரும்பி ஒருத்தரும் வரல்ல. அது சாமிக்குப் பாடுற பாட்டு. சடங்குக்கு வந்து இருந்து கேக்கிறெண்டாக் கேளு. புத்தகத்தில போடத் தரமாட்டன்.”

வகுப்பில் அத்தனை பேர் முன் வாக்குக் கொடுத்த உதயகலாவுக்கு முகம் சுட்டது. “அம்மா, ஒரு வரி...” என்றாள்.

“ஒரு வரியும் இல்ல.”

தேனுஜன் போனைப் பைக்குள் வைத்தான். “அப்ப நான் என்னத்தை எழுதிறது அம்மா?”

“இருக்கு எண்டு எழுது. தரமாட்டம் எண்டும் எழுது.”

அவன் கொப்பியை எடுத்தான். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், அங்கே எந்தச் சொல்லைச் சொன்னதற்கு அவருக்கு அடி விழுந்தது என்று மத்தியானம் வரை கேட்டுக் கையால் எழுதினான். அந்த அடியைப் பற்றி உதயகலாவும் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டாள். அம்மாவிடம் வரி கேட்டதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

புதிய கட்டுரையை ஜெயரூபன் இரண்டு தரம் வாசித்தார். “சான்று இல்லாமல் மலரிலை எப்பிடிப் போடுறது? பழையதையே போடுவம்.”

“பழையதைப் போட நான் விடமாட்டன் சேர்,” என்றான் தேனுஜன்.

“அழிஞ்சு போச்செண்டு எழுதேக்கை நீங்கள் சான்று கேக்கேல்லையே சேர்,” என்றாள் உதயகலா.

அவர் இரண்டு கட்டுரையையும் ஒதுக்கி வைத்தார். மலர் இரண்டு கட்டுரையும் இல்லாமல் வெளிவந்தது.

வெளியீட்டு நாளில் இருவரும் மண்டப வாசலில் நின்றார்கள். புதிய கட்டுரையை அறுபது போட்டோக்கொப்பி எடுத்திருந்தார்கள். உதயகலாவின் மூன்று தாள் கருத்தும் ஒரு சொல்லும் வெட்டாமல் பின்னால் இருந்தது. அதில் தன் பெயருக்குக் கீழே ‘வேடர் பெண் இரத்தினம்மாவின் மகள்’ என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

ஜெயரூபன் ஒன்றை வாங்கி நின்றபடியே வாசித்தார். “இரண்டாம் பந்தி நீண்டுபோச்சு,” என்றார்.

“அது அம்மா சொன்னது சேர். அப்பிடியே இருக்கட்டும்.”

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். உதயகலா பின்னால் வந்தவரிடம் அடுத்த பிரதியை நீட்டினாள்.