துடைக்காமல் விட்ட கையுறை

எண்பது கையுறைகளும் கம்பியில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர். விரல்கள் வாழைப்பழம் மாதிரி வீங்கியிருந்தன. இரண்டு நிமிடம் பொறுத்து, எது சொட்டுகிறது என்று பார்ப்பதுதான் புஷ்பலதாவின் வேலை. பதினேழு வருடமாகப் பார்க்கிறாள். காம்பார் சாலையில் ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய அந்தத் தொழிற்சாலையில் அவள் ஊற்றிய தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால் கிந்தா ஆறு இரண்டு முறை கரை புரண்டிருக்கும்.

இன்று தொங்கியது ஆறாவது லைன் சரக்கிலிருந்து எடுத்த மாதிரி. அந்த லைனைப் பார்த்துக்கொள்பவள் சாந்தினி. ஒப்பந்த ஆள், வந்து ஒன்றரை வருடம்தான். மூன்று மாதமாக அவள் சரக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை என்று ரைஸ் குக்கர் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை நிரந்தர வேலைக் கடிதமும் வருகிறதாம். அவள் நடந்து போனால் ஏர்கோன்கூடக் கூடுதலாகக் குளிரடிக்கிறது என்று புஷ்பலதா சத்தியமே செய்வாள். பதினேழு வருடத்துக்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு குடை. அதுவும் விரித்தால் மடங்காது.

சாந்தினி கதவோரம் எட்டிப் பார்த்தாள். "அக்கா, நம்ம சாமான் எப்புடி?"

"ஒன் சாமானுக்கு என்னா, தங்கம்லா. மேனேஜரு சாமி ரூம்ல வச்சுக் கும்புடுவாரு."

"போங்கக்கா!" சிரித்துக்கொண்டே போனாள். பல்வரிசைகூட நேராக இருந்தது. அதையும் சகிக்க வேண்டியிருந்தது.

மூன்று ஓட்டை வரை சரக்கு தேறும். நான்கானால் மொத்தமும் ரிஜெக்ட். ஏற்கெனவே மூன்று. நாற்பத்தோராவது கையுறையின் கட்டைவிரலில் ஒரு துளி நின்றது. ஊற்றும்போது வெளியே வழிந்ததாகவும் இருக்கலாம்; துடைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்பது சட்டம். துணி இடுப்பிலேயே செருகியிருந்தது. அவள் துடைக்கவில்லை. கணினியில் 'நான்கு' என்று தட்டினாள். நெஞ்சு ஐஸ் கச்சாங் சாப்பிட்டது மாதிரி ஜில்லென்றது.

கேண்டீனில் நான்காவது லைன் நல்லம்மாள் கோழிக்காலைக் கடித்தபடி குதூகலித்தாள். "ஆறாவது லைன் போச்சாம்லா! நல்லா வேணும் அந்த மினுக்கிக்கு. நேத்து என் சாமான் சொட்டுனப்ப நீ தொடச்சுத் தொடச்சுப் பாத்து காப்பாத்துன பாரு, நீ தெய்வம்டி."

புஷ்பலதா மீ கோரெங் தட்டைத் தள்ளி வைத்தாள். நேற்று மூன்று முறை துடைத்திருந்தாள். அதே கண், அதே கை, அதே துணி. லைன் நம்பர் மட்டும்தான் வேறு.

திரும்பிப் போய்க் குப்பைத் தொட்டியைக் கிளறி நாற்பத்தொன்றை எடுத்தாள். துடைத்தாள். தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டாள். இரண்டு நிமிடம். ஐந்து. கால் மணி.

"சொட்டித் தொலையேன், சனியனே," என்று அதனிடம் கெஞ்சினாள்.

அது சொட்டவில்லை.

அவள் அறைக்குள் போனபோது மேனேஜர் சேவுகன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "என்ன?"

"போஸ், ஆறாவது லைன் ரிசல்ட் தப்பு. தொடைக்காம போட்டுட்டேன்."

"ஏன்?"

"பொறாமை, போஸ்."

இப்போது நிமிர்ந்தார். "அத எந்தக் கட்டத்துல எழுதுறது? கே.எல். ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் போயாச்சு. மாத்துனா ஆடிட் வரும், என் தலையும் உருளும். நீங்க வாய மூடிக்கிட்டா ஒண்ணும் இல்ல. இல்லாட்டி ஒங்களுக்கு வார்னிங் லெட்டர்."

"லெட்டரக் குடுங்க போஸ். அவளுக்கு வேலையக் குடுங்க."

லெட்டர் மட்டும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை சாந்தினி வேலைச் சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வாசல் கேட் அருகே நின்றாள். ஒப்பந்தம் முடிந்திருந்தது. புஷ்பலதா தன் வார்னிங் லெட்டரை நீட்டினாள். "அந்த நாலாவது ஓட்டை நான் போட்டதுலா. ஒன்னப் பாத்து வயிறு எரிஞ்சு போட்டேன். சொல்லிப் பாத்தேன், கேக்கல."

சாந்தினி இரண்டு தரம் படித்தாள். "இதக் குடுத்தா வீட்டுக்காரர் வாடகை கேக்காம இருப்பாராக்கா?"

காவலாளி விசில் ஊதினார். "தெப்பி, தெப்பி! ஓரமா நில்லுங்க!"

லாரி ஒன்று அவர்களை உரசிக்கொண்டு வெளியேறியது. பின்னால் கூரைவரை அட்டைப்பெட்டிகள். 'மருத்துவமனைக்கு' என்ற எழுத்தின் மேல் 'சமையலறைக்கு' என்று புது லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது. ரிஜெக்ட் ஆன ஆறாவது லைன் சரக்கு, ஒரு பெட்டிகூடக் குறையாமல், துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.