மூன்று குளவிக்கூடுகள்

யுவனேஸ்வரி சொன்ன பொய்யில் மூன்று குளவிக்கூடுகள்தான் இருந்தன. இரண்டு மாதத்துக்குள் எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்கள் அதை ஏழாக்கிவிட்டார்கள்.

மேப்பும் காம்பஸும் மட்டும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் கொடிகளைத் தேடி ஓடுகிற போட்டிக்கு ஓரியன்டீரிங் என்று பெயர். ரிங்லெட் பக்கம் படிக்கிற பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது எப்படி ஒட்டிக்கொண்டதோ, மாநில அளவில் ஓடி, மலேசியாவுக்காக ஓடப்போகிற நாலு பேரைப் பொறுக்கும் எட்டுப் பேர் பட்டியலில் வந்து நின்றாள். ஆசிய இளையோர் போட்டி இந்த முறை மலேசியாவில். அதற்கு இடம் பார்க்கத்தான் சங்கத்திலிருந்து மூர்த்தி சார் அவள் இருந்த தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தார்.

காட்ட ஆள் வேண்டுமே! இவளே கூட்டிப்போனாள். தேயிலைக்குள் ஓடவிட முடியாது, செடி போய்விடும். ஆனால் லைனுக்குப் பின்னால், பதினாலாம் நம்பர் மலைக்குப் போகிற குறுக்குப் பாதையின் இரண்டு பக்கமும் பழைய யூக்கலிப்டஸ் காடு. கீழே புதர் கிடையாது. வீட்டளவுப் பாறைகள். மூர்த்தி சார் ஒவ்வொரு பாறையையும் தட்டிப் பார்த்தார், மாடு வாங்க வந்தவர் மாதிரி.

"ஆசியாவுலயே இப்படி ஒரு காடு கெடைக்காதும்மா. இதத்தான் நான் பத்து வருசமா தேடுறேன்."

யுவனேஸ்வரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் நோட்டில் எழுதிக்கொண்டே, மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற குரலில் அடுத்ததைச் சொன்னார்.

"இங்கதான்னு முடிவாச்சுன்னா நீ ஓட முடியாதுலா. காடு மனப்பாடமா தெரிஞ்சவங்க ஓடக்கூடாது, ரூலு. கவலப்படாத, உன்ன வாலன்டியரா போட்டுக்கிறேன். தண்ணி குடுக்குற எடத்துல."

தண்ணீர் கொடுக்கிற இடம். தன் காட்டில், கொரியாக்காரியும் ஜப்பான்காரியும் ஓட, கப்பை நீட்டிக்கொண்டு.

"சார், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இங்க குளவி இருக்கு. மூணு கூடு. போன வருசம் ஒரு பையன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க."

மூர்த்தி சாரின் பேனா நின்றது. மலையில் குளவி என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவர் போகும்போது மேனேஜரிடமும் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் அன்று மாலையே குறுக்குப் பாதைக்குக் கயிறு கட்டச் சொன்னார். அதில் போகிறவர்களுக்கு அன்றைய பேர் கிடையாது, கூலியும் கிடையாது என்று கணக்கெழுதும் கிராணி சின்னையா அறிவித்தார். தீயணைக்கிற பொம்பாக்காரர்கள் வந்து தேடி, ஒன்றும் இல்லை என்று போனார்கள். "பகல்ல வந்தா எப்படிக் கெடைக்கும்? நான் பார்த்தேன், பானை கணக்கா ஒண்ணு," என்றாள் பக்கத்து வீட்டு ரஞ்சிதம். அவள் பார்த்த பிறகு மற்றவர்களும் பார்த்தார்கள். கயிறு அப்படியே இருந்தது.

கொழுந்து பறிக்கக் கால் மணி நேரத்தில் போன மலைக்கு, பெண்கள் இப்போது கூடையோடு லோரி ரோட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தார்கள். யுவனேஸ்வரியின் அம்மா ருக்குமணிக்கு முட்டி வலி. இருட்டோடு கிளம்பினாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம் மூர்த்தி சார் மெசேஜ் அனுப்பினார். ஜொகூரில் ஒரு ரப்பர் காடு முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைப் பொறுக்கும் தேர்வுக்கு வா. சாயங்காலம் ருக்குமணி சேறாக வீட்டுக்கு வந்தாள். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி வளைவில் அவள் கூடையை உரசி, அவளை ரோட்டோரச் சாக்கடைக் காணுக்குள் தள்ளிவிட்டுப் போயிருந்தது. கூடை நசுங்கிக் கிடந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளி நடந்திருந்தால்? அந்தக் கேள்வியோடு படுத்த யுவனேஸ்வரிக்கு ராத்திரி பதினொரு மணியாகியும் தூக்கம் வரவில்லை.

"அம்மா... தூங்கிட்டியா?"

"முட்டி தூங்கவிட்டாத்தானே."

"காட்டுல குளவி இல்லம்மா. நான்தான் பொய் சொன்னேன். ஓட முடியாதுன்னு சொன்னாங்க, அதான்..."

எல்லாவற்றையும் சொன்னாள். அறை விழும் என்று கன்னத்தை முன்கூட்டியே இறுக்கி வைத்திருந்தாள். விழவில்லை. ருக்குமணி முட்டிக்குத் தேய்த்த எண்ணெய்க் கையோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தாளு நம்ம காட்டப் பார்த்து என்னடி சொன்னாரு?"

"ஆசியாவுலயே இல்லன்னாரு."

"அப்படியா சொன்னாரு?" ருக்குமணி எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள். "முப்பது வருசம் அதுக்குள்ள நடந்தேன். ஒருத்தரும் சொன்னதில்ல. அத ஏண்டி என்கிட்ட வந்து சொல்லல?"

அதற்கு அறையே வாங்கியிருக்கலாம்.

"போன எடு. இப்பவே சொல்லு அவருகிட்ட."

மூர்த்தி சார் தூக்கக் குரலில் போனை எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "ஒண்ணுகூடவா இல்ல?" என்றார்.

"இல்ல சார்."

"கமிட்டி கையெழுத்துப் போட்டாச்சும்மா. இனி மாத்த முடியாது." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "நீ ஞாயித்துக்கிழம வர வேணாம்." போன் நின்றது.

காலையில் பெரட்டில், பெயர் கூப்பிடும் இடத்தில், எல்லார் முன்னாலும் நின்று சொன்னாள். யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ரஞ்சிதம் சிரித்துவிட்டாள்.

"அடப் போடி. அம்மாவுக்கு முட்டி வலின்னு பாதையத் தொறக்கப் பார்க்குறியா? நான் என் கண்ணால பார்த்தேன்."

"இல்லக்கா, நான்தான் பொய்யா..."

"ஏழு கூடு பாப்பா," என்றது இன்னொரு குரல். கிராணி சின்னையா பேர் எழுதுகிற செக்ரோல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "மேனேஜரு கே.எல். போயிருக்காரு. அவரு சொல்லாம நான் கயித்த அவுக்க முடியாது. அடுத்த பேரு."

யுவனேஸ்வரி எதையும் யோசிக்கவில்லை. கயிற்றைத் தாண்டி ஓடினாள். பின்னால் அலறல் கேட்டது. பாறைக்குப் பாறை, மரத்துக்கு மரம், எங்கே வேர் தட்டும் எங்கே மண் வழுக்கும் என்று கால்களுக்கே தெரிந்தது. மேப் தேவையில்லாத ஓட்டம். அவ்வளவு வேகமாக அவள் எந்தப் போட்டியிலும் ஓடியதில்லை.

மறுபக்கம், பதினாலாம் நம்பர் மலையின் உச்சியில் வந்து நின்று கத்தினாள். "பாருங்க, ஒண்ணும் இல்ல! வாங்க!"

காட்டுக்குள்ளிருந்து யாரும் வரவில்லை. பனி விலகியபோது, கீழே லோரி ரோட்டில் கூடைகள் வரிசையாக நகர்வது தெரிந்தது. கடைசியாக வந்த ஒன்று மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, வளைவில் ஒரு லோரிக்கு ஒதுங்கி நின்று, மறுபடி நடந்தது.

அது மேலே வந்துசேரும்வரை யுவனேஸ்வரி கண்ணை எடுக்காமல் நின்றாள்.