இன்னும் இறக்கவில்லை

ஒஹையோவில் பெல்டன் என்கிற ஊரில் வாரப் பத்திரிகை நடத்திய ஹைரம் டன்லப்புக்கு அவசரம் பிறவிக் கோளாறு. 1881 ஜூலையில் ஜனாதிபதியைச் சுட்டுவிட்டார்கள் என்று தந்தி வந்ததும், மனுஷன் பிழைப்பாரா என்று பார்க்கக்கூடப் பொறுக்காமல், ‘ஒரு நொடியும் துடிக்காமல் உயிர் நீத்தார்’ என்று சிறப்பிதழ் போட்டுவிட்டார். பத்திகளுக்கு நடுவே நிற்கும் கோட்டுத் தகடுகளையெல்லாம் தலைகீழாகத் திருப்பினால் தடித்த கறுப்புக் கோடு விழும். துக்கத்துக்கு அதுதான் வழக்கம். அடியில் சொந்த இரங்கற்பா வேறு, பதினாறு வரி. அடக் கடவுளே, மை காய்வதற்குள் அடுத்த தந்தி: ஜனாதிபதி உயிரோடு இருக்கிறார்!

கடைசிப் பக்க மூலையில் மறுப்பு வந்தது: ‘ஜனாதிபதி இன்னும் இறக்கவில்லை.’ அந்த ‘இன்னும்’தான் டன்லப்.

"பக்கத்தப் பிரிச்சிடாத அல்மீரா, எப்படியும் வேண்டியிருக்கும்," என்றார் அச்சுக் கோப்பவளிடம். எண்பது நாள் அந்த ஈய எழுத்துப் பக்கம் கட்டியபடியே கிடந்தது. இருந்த தகடெல்லாம் அதில் மாட்டிக்கொண்டதால் வாராவாரம் பத்திரிகை கோடில்லாமல் வெளிவந்தது. பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டி, போதகர் மகளுக்கும் பரிசு வாங்கிய பன்றிக்கும் கல்யாணம் என்று ஊரே படித்துச் சிரித்தது.

ஆகஸ்டில் அல்மீராவின் கணவன் ஜோனஸ் செத்துப்போனான். உள்நாட்டுப் போரில் நெஞ்சில் வாங்கிய குண்டு, பதினேழு வருஷம் இரும வைத்துத்தான் கொன்றது.

"ஐயா, சாவுச் செய்தி அஞ்சு வரிதான். சுத்தி நாலு கறுப்புக் கோடு மட்டும் குடுங்க."

"அது ஜனாதிபதியோடதும்மா! உம் புருஷன் என்ன வெள்ளை மாளிகையிலயா இருந்தான்?"

ஜோனஸின் சாவு, வைக்கோல் விற்பனைக்கும் தொலைந்த குடைக்கும் நடுவில் கோடில்லாமல் போனது. குடை தொலைந்த துக்கத்தில் செத்தான் என்று படித்தவர்களும் உண்டு.

செப்டம்பரில் ஜனாதிபதி நிஜமாகவே இறந்தார். டன்லப் முகத்தில் என்ன களை!

"நான்தான் முதல்ல சொன்னேன்! தேதிய மாத்து, ஓட்டு!"

அல்மீரா தேதியை மாற்றினாள். எண்பது நாள் கிடந்து அவஸ்தைப்பட்டவர் ‘ஒரு நொடியும் துடிக்காமல்’ போனதை அவள் தொடவில்லை. அது ஆசிரியர் வேலை. இரங்கற்பாவின் பின்பாதியை மட்டும் உருவிவிட்டு, அங்கே ஜோனஸின் அஞ்சு வரியைக் கறுப்புக் கோட்டுக்குள் வைத்தாள். மாதிரித் தாளை நீட்டினாள்.

"நான் எழுதினது, எனக்கு மனப்பாடம்," என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டார் டன்லப்.

அந்தப் பக்கத்தை ஊரே சட்டம் போட்டு மாட்டியது. மறு வாரம் மளிகைக் கடையில் அல்மீரா காப்பிக்கொட்டை வாங்கிக்கொண்டிருந்தபோது டன்லப் உள்ளே வந்தார், சுவரைப் பார்த்தார், பாட்டு பாதியில் நிற்பதைக் கண்டார். முகம் சிவந்து அவள் பக்கம் திரும்பினார்.

அதற்குள் கடைக்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜனாதிபதி பக்கத்துல நம்ம ஜோனஸையும் வெச்சீங்க பாருங்க, அழுதே போயிட்டேன். அதுவும் உங்க பாட்டையே வெட்டிட்டு! நல்ல காரியம் சார்."

டன்லப் தொப்பியைக் கழற்றினார். "நான்தான் போடச் சொன்னேன்," என்றார்.

அல்மீரா சுவரில் ஜோனஸின் வரிகளை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பக்கத்தில் பொய்யில்லாத அஞ்சு வரி அதுதான்.