வெளியே வில்ஃப்

கனடாவில் இருபத்தெட்டு வருஷம் இரும்பாலையில் உழைத்து, வீடு வாங்கி, இரண்டு பெண்களின் கல்யாணத்தையும் பார்த்துவிட்ட மனிதரைச் சொந்த ஊர் எப்படி வரவேற்க வேண்டும்? இங்கிலாந்தின் கிராஸ்லி இப்படித்தான் வரவேற்றது.

"வாடா, வெளியே வில்ஃப்! இந்தத் தடவையாவது கதவுக்குள்ள நேரா வந்தியா, இல்ல பக்கத்துச் செவுத்துல முட்டிக்கிட்டியா?"

சொன்னவர் எர்னி கிளெக். அந்தக் காலத்தில் ரயில்வே என்ற மதுக்கடையின், அதாவது ரயில்வே பப்பின், கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். ரயில்வே பப்பை இடித்துத் தள்ளிப் பத்து வருஷம் ஆகிவிட்டதால், எதிரியின் கோட்டையான வீவர்ஸ் பப்பிலேயே வந்து குடிக்கிறார். அண்டி வந்த இடத்திலும் அவருக்கு வாய் மட்டும் குறையவில்லை.

பப் முழுக்கச் சிரித்தது. வில்ஃப் ஆஸ்பினாலும் சிரித்து வைத்தார்.

நடந்தது அறுபத்தெட்டு நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பப்களுக்கான கோப்பையின் இறுதி ஆட்டம், வீவர்ஸுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில். கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாத மூடுபனி. இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிஷத்தில் வீவர்ஸுக்கு ஆடிய வில்ஃப் வலது காலால் ஓங்கி உதைத்தார். பந்து பனிக்குள் போனது, போனதுதான். கோல் கம்பங்களுக்கு வலை கிடையாது. பின்னால் பப்பின் சுவர், வலப்பக்கம் கால்வாய்.

"கால்வாயில விழுந்துடுச்சு! தண்ணிச் சத்தம் கேட்டுச்சு!" என்று எர்னி கத்தினார்.

எல்லோரும் தேடினார்கள். புல்லில், கூரைமேல், நிலக்கரிக் கொட்டகையில், கோழிக்கூண்டில்கூட. பந்து எங்கேயும் இல்லை. அப்படியானால் அது கால்வாயில்தான் இருக்க வேண்டும், கால்வாயில் விழுந்தால் அது கோல் இல்லை. நடுவர் ஹெரால்ட் தலையை ஆட்டினார். நாணயம் சுண்டினார்கள். கோப்பை ரயில்வேக்குப் போனது.

மூன்றாவது வாரம் வில்ஃப் கப்பல் ஏறினார். டிக்கெட் கோடையிலேயே எடுத்தது. ஊர் அதை நம்புமா? பந்தை வெளியே அடித்தவன் மானம் போய் ஓடிவிட்டான் என்று பேசிக்கொண்டது.

கனடாவின் ஹாமில்டனில் உலை முன்னால் நிற்கும்போதெல்லாம் அவருக்குக் கிராஸ்லி மூக்கு வழியாகத்தான் வரும். வினிகர் ஊற்றிய கறுப்புப் பட்டாணி, ஈரக் கம்பளிச் சட்டை, வாசற்படியைத் தேய்த்துக் கழுவும் சோப்பு. ஞாயிறு காலையில் கல் பாவிய தெருவில் பதினோரு ஜோடி பூட்ஸ் தடதடவென்று இறங்கும். ஆட்டம் முடிந்து, முழங்கால் சேறு காய்வதற்குள் முதல் பைண்ட் கைக்கு வந்துவிடும். அப்படி ஒரு பீர் இந்த உலகத்தில் வேறெங்கேயும் கிடையாது. இதை அவர் கனடாக்காரர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். கதை ஒவ்வொரு தடவையும் அந்த உதையில்தான் போய் நிற்கும். நண்பர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். மனைவி லோர்னா மட்டும், "கோல்னா கோல்தான். இப்ப சாப்பிடுங்க" என்பாள்.

லோர்னா சொல்லி என்ன பிரயோசனம்? அவள் அன்றைக்கு அங்கே இருக்கவில்லை. கிராஸ்லிக்காரன் ஒருவன் வாயால் அதைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஒரு வாரப் பயணம். யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை.

ஆறு நாள் ஓடிவிட்டது. நாளைக்கு விமானம். சனிக்கிழமை மத்தியானம், பப்பின் ஹாலில் எர்னி எழுபதாவது தடவையாக, "பந்து இந்நேரம் கடலுக்கே போயிருக்கும். கனடாவுல கரை ஒதுங்குச்சான்னு பாத்தியாடா?" என்றார்.

வில்ஃபுக்கு அலுத்துவிட்டது. பீர் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஹாலுக்குப் பின்புறம் சின்ன அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேவிஸ் தெரிந்தாள். அந்த நாளில் பப்பைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவள், நடுவர் ஹெரால்டின் மனைவி. ஹெரால்ட் போன வசந்தத்தில் தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒரு வார்த்தை துக்கம் விசாரிக்க வேண்டாமா? நேராக உள்ளே போனார்.

ஹாலில் பேச்சு நின்றது. வீவர்ஸில் ஆண்கள் ஹாலில், பெண்கள் சின்ன அறையில். இப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் எவனாவது மீறியிருப்பான். நூறு வருஷமாக ஒரு ஆண்பிள்ளையும் அந்தப் படியைத் தாண்டியதில்லை. கனடாவில் பெண்டாட்டியோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து குடித்துப் பழகிய வில்ஃபுக்கு அது மறந்தே போயிருந்தது.

"ஹெரால்ட் விஷயம் கேள்விப்பட்டேன், மேவிஸ். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு."

மேவிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒருவழியா வந்துட்டியா? ஆறு நாளா இங்கதான் உக்காந்திருக்கேன். உங்க ஹாலுக்குள்ள நான் வரமாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"எதுக்கு என்னைத் தேடுற?"

"பந்தைக் கேக்க வருவீங்கன்னு இருபத்தெட்டு வருஷமாப் பாக்குறேன். கோழிக்கூண்டுல தேடுனீங்க. கூரை மேல ஏறுனீங்க. இந்தக் கதவுல தலையை நீட்ட ஒருத்தனுக்கும் துப்பில்ல."

எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் பலகையைத் தூக்கினாள். அடியில் பழைய துணிகளுக்கு நடுவே, காற்றுப் போய்ச் சுருங்கிய தோல் பந்து ஒன்று கிடந்தது. அதன்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் வீவர்ஸ் என்று எழுதியிருந்தது.

வில்ஃப் பீரை மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"தரை காயட்டும்னு இந்த ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தேன்" என்றாள் மேவிஸ். "பந்து நேரா வந்து என் தண்ணி வாளிக்குள்ள விழுந்துச்சு. துடைச்ச தரையெல்லாம் அழுக்குத் தண்ணி. வந்த கோவத்துல தூக்கி உள்ள போட்டுட்டேன், எவனாவது வந்து மன்னிப்புக் கேட்டாத்தான் குடுக்கிறதுன்னு. சாயந்தரம் ஹெரால்டுகிட்ட சொன்னேன். மனுஷனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. கோப்பையைக் குடுத்தாச்சு, என் பேரைக் கெடுத்துடாதேன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அதுக்கப்புறம் அவரு விசிலைத் தொடவே இல்ல."

வில்ஃப் ஜன்னலுக்குப் போனார். வெளியே கோல் கம்பங்கள் இரண்டும் நின்றன. ஜன்னல் அவற்றுக்கு நட்டநடுவில் இருந்தது. கால்வாய் எங்கேயோ வலப்பக்கம். இவ்வளவு காலமும் அந்தச் சுவரைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் இந்த ஜன்னலைப் பெண்களின் ஜன்னல் என்று கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவரும்தான் சேர்க்கவில்லை.

"கோல்!" என்று அவர் கத்தினார். ஐம்பத்தெட்டு வயது மனிதரின் குரலா அது! "டேய், கோல்டா! எல்லாரும் வாங்கடா!"

ஆண்கள் ஓடி வந்து வாசற்படியில் முட்டிக்கொண்டு நின்றார்கள். பந்தைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். உள்ளே கால் வைக்கத்தான் எவனுக்கும் தைரியம் வரவில்லை. எர்னி எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் பொய் சொல்லலடா. சத்தியமா தண்ணிச் சத்தம் கேட்டுச்சு."

"கேட்டிருக்கும். அது என் வாளி" என்றாள் மேவிஸ்.

எர்னி படியைப் பார்த்தார். பிறகு அதைத் தாண்டி உள்ளே வந்தார். சாவிக்கொத்தில் கோத்திருந்த அந்த இறுதி ஆட்டத்தின் வெற்றிப் பதக்கத்தைக் கழற்றி வில்ஃபின் கையில் வைத்து அழுத்தினார்.

"கோல்தான்டா, வில்ஃப்" என்றார். அந்த வாயிலிருந்து 'வெளியே' இல்லாமல் அந்தப் பெயர் வந்ததே இல்லை.

வில்ஃபுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

"கொஞ்சம் பொறுங்க. ரெஃப்ரி சொல்லாம கோல் ஆயிடுமா?" மேவிஸ் கைப்பையைத் திறந்து ஒரு பித்தளை விசிலை எடுத்தாள். "சாகறதுக்கு முந்தின நாள் குடுத்தாரு. அவன் என்னைக்காவது வந்து கேட்டா ஊதிடுன்னு சொன்னாரு."

விசிலை வாயில் வைத்து மூச்சுப் பிடித்து நீளமாக ஊதினாள். கோல் விழுந்தால் ஹெரால்ட் செய்வது போலவே கையை நீட்டி மைதானத்தின் நடுவைக் காட்டினாள். அந்தப் படியில் தயங்கி நின்ற அத்தனை ஆண்களும் ஓவென்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள்.